ஃபேக்ஸ் சர்வரைக் கழற்றிவிடலாம், 044 எண்ணை என்ன செய்வது? கிளவுட் ஃபேக்ஸ் சேவைகள் ஒரு பார்வை

ஃபேக்ஸ் செத்துப்போய்விட்டது என்று சொல்பவர்கள் பெருங்குடியிலோ கிண்டியிலோ இரவு எட்டு மணிக்கு அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இன்ஷூரன்ஸ் பணத்தைக் கேட்டு வாங்கும் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு க்ளெய்மை டினை செய்தால், அதாவது பணம் தர மறுத்தால், அப்பீல் ஃபேக்ஸில் போகிறது. கேட்ட மெடிக்கல் ரெக்கார்டு ஃபேக்ஸில் போகிறது. கெடு தாண்டவில்லை என்று காட்ட, ஃபேக்ஸின் கன்ஃபர்மேஷன் ஷீட்தான் கையில் இருக்கும் ஒரே சாட்சி. இதையெல்லாம் இத்தனை நாள் சுமந்தது அலுவலகத்தின் மூலையில் நிற்கும் ஒரு சர்வர். அதை எடுத்துவிட்டு, வேறொரு நிறுவனம் இன்டர்நெட் வழியாக நடத்தும் கிளவுட் சேவைக்குப் போகலாமா என்பதுதான் இங்கே கேள்வி. போகலாம். ஆனால் சேவை விற்பவர் சொல்லும் காரணங்களுக்காக அல்ல, அவர் சொல்லும் வேகத்திலும் அல்ல.

முதலில் பழைய அமைப்பு. பொதுவாக ஒரு விண்டோஸ் சர்வர், அதில் ஓப்பன்டெக்ஸ்ட்டின் ரைட்ஃபேக்ஸ் போன்ற மென்பொருள், உள்ளே ஃபேக்ஸ் மோடமாக வேலை செய்யும் ஒரு புரூக்டிரவுட் கார்டு, வெளியே பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் ஒரு பிஆர்ஐ டெலிபோன் லைன். செலவுக்கு அஞ்சியவர்கள் லினக்ஸில் ஹைலாஃபேக்ஸ் போட்டு ஓட்டினார்கள், அதுவும் நன்றாகவே ஓடியது. நம் ஊர் பிஆர்ஐ-யில் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்பு. அத்தனையும் தேவையா என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இரவு ஏழு முதல் பதினொன்று வரை 400 ஃபேக்ஸ், ஒவ்வொன்றும் சராசரி இரண்டரை நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 250 நிமிடம், அதாவது எப்போது பார்த்தாலும் நான்கு லைனுக்குச் சற்று மேல் பிஸி. நூற்றுக்கு ஒரு அழைப்புக்கு மேல் இடமில்லாமல் போகக்கூடாது என்றால் 10 சேனல் போதும். மீதி 20-க்கும் வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

கார்டு பழையது, உதிரி கிடைப்பது கஷ்டம். தொலைபேசி நிறுவனமே பிஆர்ஐ-யை விட்டு, இன்டர்நெட் முறையில் அழைப்பைச் சுமக்கும் சிப் டிரங்குக்கு வாருங்கள் என்கிறது. இங்கேதான் பலர் முதல் தடவை சறுக்குகிறார்கள். பேச்சுக்காக அமைத்த சிப் டிரங்கில் ஃபேக்ஸைப் போட்டால், ஒலியைச் சுருக்கும் முறையான கோடெக் ஜி.729 ஆக இருந்தால் ஃபேக்ஸ் மோடத்தின் ஒலி சிதைந்து ஒரு பக்கம்கூடப் போகாது. ஜி.711-இல் போகும், ஆனால் பாக்கெட் ஒன்றிரண்டு தொலைந்தாலே பக்கத்தின் நடுவில் வெள்ளைக் கோடு விழும், அல்லது அழைப்பே அறுந்துவிடும். சரியான வழி 1998-இல் ஃபேக்ஸுக்கென்றே வந்த டி.38 விதிமுறை. அது மோடம் ஒலியை அப்படியே சுமக்காமல், அதிலிருக்கும் தகவலை மட்டும் பிரித்து, தொலையும் பாக்கெட்டுக்கு நகலும் சேர்த்து அனுப்புகிறது. ஆனால் வழியில் நெட்வொர்க்குகளை இணைக்கும் எல்லா கேட்வேயும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் ஒன்று மறுத்தால் அழைப்பு பத்துப் பதினைந்து நொடி கழித்து விழும். ஃபயர்வாலில் சிப் அழைப்புகளைத் தானாகத் திருத்தும் ஏஎல்ஜி வசதி இயங்கிக்கொண்டிருந்தாலும் அதே கதிதான். பிஆர்ஐ கார்டில் வரும் வியாதி வேறு. நேர ஒத்திசைவுக்கான கிளாக்கை நெட்வொர்க்கிலிருந்து எடுக்காமல் கார்டே தானாக ஓட்டினால், நாலு பக்கம் சுத்தமாகப் போய் ஐந்தாவது பக்கம் கோடு கோடாக வரும். லைன் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம், தப்பு ஒரு செட்டிங்கில் இருக்கும்.

கிளவுட் சேவையின் உண்மையான லாபம் இந்தத் தலைவலியை வேறொருவர் தலையில் வைப்பதுதான். அதோடு சென்னைக்கென்று ஒரு லாபமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, அம்பத்தூர் பக்கம் தண்ணீர் நின்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தால் மின்சாரம், லைன், சர்வர் மூன்றும் ஒன்றாகப் போகும். அந்த நேரத்தில் வரும் ஃபேக்ஸ், அனுப்பியவருக்கு “பதில் இல்லை” என்று திரும்பிவிடும். கிளவுடில் எண் வேறு எங்கோ உயிரோடு இருக்கிறது. வந்தது பெட்டியில் காத்திருக்கும், தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். எதிர்முனையில் ஒரு கிளினிக்கின் பழைய மெஷின்தான் இருக்கிறது. கடைசியில் அதோடு பேசுவது 1980-களின் டி.30 விதிமுறைதான், உச்ச வேகம் பெரும்பாலும் நொடிக்கு 14,400 பிட். பேப்பர் தீர்ந்தது, மெமரி நிறைந்தது, லைன் பிஸி, ரிசப்ஷனிஸ்ட் போனை எடுத்து “ஹலோ” என்றார் போன்ற தோல்விகள் கிளவுடுக்குப் போனாலும் குறையாது. தோல்வியே வராது என்று டெமோவில் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எந்தச் சேவை யாருக்கு

ரைட்ஃபேக்ஸில் ஏற்கெனவே ஊறிப்போனவர்களுக்கு அதே நிறுவனத்தின் ரைட்ஃபேக்ஸ் கனெக்ட் பொருந்தும். சர்வர் அலுவலகத்திலேயே இருக்கும், அல்லது உங்கள் கிளவுட் கணக்கில் ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருக்கும். லைனும் கார்டும் மட்டும் போய், அழைப்புகள் அவர்கள் வழியாகப் போகும். பில்லிங் சாஃப்ட்வேரோடு உள்ள இணைப்பு, பயனர் பெயர்கள், விதிகள் எதுவும் மாறாது. எழுபது, எண்பது பேர் ஃபேக்ஸ் அனுப்பும் இடத்தில் இதுதான் ஆபத்து குறைந்த முதல் படி. குறை, சர்வர் லைசென்ஸும் பராமரிப்பும் தொடரும். பாதிக் கிணறுதான். ஆனால் சில கிணறுகளைப் பாதியில் நின்று பார்த்துவிட்டுத் தாண்டுவதே நல்லது.

சர்வரே வேண்டாம் என்பவர்களுக்கு எக்ஸ்எம் ஃபேக்ஸ் (இதுவும் 2020 முதல் ஓப்பன்டெக்ஸ்ட் கையில்), ஈஃபேக்ஸ் கார்ப்பரேட், ஜெனீவாவின் அலோஹி நடத்தும் ஃபேக்ஸ்.பிளஸ், கனடாவின் எஸ்ஆர்ஃபேக்ஸ் என்று வரிசை நீளுகிறது. எல்லாவற்றிலும் வெப் போர்ட்டல், ஈமெயிலிலிருந்து ஃபேக்ஸ், நம் மென்பொருளே நேராக ஃபேக்ஸ் அனுப்ப ஏபிஐ உண்டு. அட்டவணை போட்டு ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் அட்டவணையில் வராத இடங்களில் இருக்கிறது. எத்தனை அழைப்பை ஒரே நேரத்தில் வெளியே விடுவார்கள்? பிஸியாக இருந்தால் எத்தனை முறை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி முயல்வார்கள், அதை நாம் மாற்ற முடியுமா? நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பா கேட்கும் ஒப்பந்தத்தில் எந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் மலிவான திட்டத்தை எடுத்து, பிறகு அந்த ஒப்பந்தம் மேல் திட்டத்தில்தான் உண்டு என்று தெரிந்து விலை இரட்டிப்பாவது வழக்கமான கதை.

“நாங்கள் தபால்காரர் மாதிரி, எங்களுக்கு அந்த ஒப்பந்தம் தேவையில்லை” என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். நோயாளியின் தகவலைத் தங்கள் சர்வரில் சேமித்து வைக்கும் கிளவுட் நிறுவனம், அது என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தாலும், ஹிப்பாவின் கணக்கில் பிசினஸ் அசோசியேட்தான், அதாவது அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கூட்டாளி. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளருடன் நீங்கள் போட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். தகவல் அமெரிக்காவுக்கு வெளியே சேமிக்கப்படக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தால், சேமிப்பு எந்த நாட்டில் என்பதையும் சேவை நிறுவனம் எழுதித் தர வேண்டும்.

எந்தச் சேவையை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது “சென்ட்” என்ற ஒற்றைச் சொல்லின் பொருள். சில போர்ட்டல்களில் நீங்கள் அனுப்பு பொத்தானை அழுத்தி அவர்கள் வரிசையில் ஏறியதுமே பச்சை டிக் வந்துவிடும். அது எதிர்முனைக்குப் போனதல்ல. ஃபேக்ஸில் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எதிர் மெஷின் “வந்தது” என்று ஒரு பதில் சிக்னல் தருகிறது. கடைசிப் பக்கத்துக்கும் அது வந்தால்தான் போனதாகக் கணக்கு. அறிக்கையில் எதிர் எண், எதிர் மெஷின் தன்னைச் சொல்லிக்கொண்ட அடையாளம், பக்க எண்ணிக்கை, தொடங்கிய நேரம், எடுத்த நேரம் இவ்வளவும் இருக்க வேண்டும். நேரம் எந்த நேர மண்டலத்தில் என்பது மிக முக்கியம். இங்கே 16-ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு அனுப்பியது, கோடைக்கால நியூயார்க்கில் 15-ஆம் தேதி மாலை 5.30. அப்பீலின் கெடு 15 என்றால், அறிக்கையில் இந்திய நேரம் மட்டும் அச்சாகியிருப்பது கையில் இருக்கும் சாட்சியை நாமே கெடுத்ததாகிவிடும். கணக்கின் நேர மண்டலத்தை அமெரிக்க ஈஸ்டர்ன் நேரத்துக்கு மாற்றி வையுங்கள். ஷிஃப்ட் லீடர் முணுமுணுப்பார், பழகிவிடும்.

பக்கக் கட்டணம் என்கிறார்களே, பக்கம் என்றால் எது? சில சேவைகள் 60 நொடி அனுப்பும் நேரத்தை ஒரு பக்கமாகக் கணக்கிடுகின்றன. வெறும் எழுத்துள்ள பக்கம் ஃபைன் தரத்தில் 40 கிலோபைட் இருக்கும், 14,400 வேகத்தில் 22 நொடி. அதே பக்கத்தில் இன்ஷூரன்ஸ் கார்டின் கலர் போட்டோ இருந்தால் புள்ளி புள்ளியாக மாறி 300 கிலோபைட் ஆகும், கிட்டத்தட்ட 2 நிமிடம் 47 நொடி. பில்லில் அது மூன்று பக்கம். பணம் போவதைவிடப் பெரிய பிரச்சினை, நேரம் நீள நீள அழைப்பு அறுபடும் வாய்ப்பும் ஏறுகிறது. மருந்து: ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு வெள்ளை, 200 டிபிஐ, பின்னணியை நீக்கும் செட்டிங். கார்டை மட்டும் தனியாக கான்ட்ராஸ்ட் ஏற்றி வையுங்கள். சோதனைக் காலத்தில் பத்துப் பக்க எழுத்து ஒன்று, கார்டு நகல் ஒன்று, 40 பக்க மெடிக்கல் ரெக்கார்டு ஒன்று என்று மூன்று வகையையும் அனுப்பிப் பாருங்கள். விற்பவர் தரும் ஒற்றைப் பக்க டெமோ எந்தச் சேவையிலும் போகும்.

மாற்றும்போது கவிழ்க்கும் இடங்கள்

பெரிய பள்ளம் எண் எழுதும் முறையில் இருக்கிறது. பழைய சர்வரில் வெளி லைனுக்கு 9 அடித்து, பிறகு 1, பிறகு பத்து இலக்க அமெரிக்க எண் என்று அட்ரஸ் புக் முழுக்க எழுதி வைத்திருப்பார்கள். சர்வர் அந்த 9-ஐ விழுங்கிக்கொள்ளும். கிளவுட் சேவை விழுங்காது. 9, 1, பத்து இலக்கம் என்றால் அதற்கு அது +91, அதாவது இந்தியா! ஹூஸ்டனின் 713-இல் தொடங்கும் கிளினிக் எண் இங்கே யாரோ ஒருவரின் போன் எண்ணாகிவிடலாம். நல்லவேளை, சாதாரண போனில் ஃபேக்ஸ் இறங்காது. ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு இலக்கம் தவறினால், ஒரு நோயாளியின் ரிப்போர்ட் முன்பின் தெரியாத கடையில் போய் விழும். அட்ரஸ் புக்கை ஏற்றும் முன் எல்லா எண்ணையும் +1 என்று தொடங்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். இந்தியாவுக்கு அனுப்பும் வசதியைக் கணக்கில் மூடி வைத்தால் இந்தத் தவறு முதல் நொடியிலேயே பிடிபடும்.

ஈமெயிலிலிருந்து ஃபேக்ஸ் வசதி எல்லோருக்கும் பிடிக்கும், ஐடி ஆளைத் தவிர. கடிதத்தின் அடியில் இருக்கும் கம்பெனி லோகோவை சேவை ஒரு இணைப்பாக எடுத்துக்கொண்டு, லோகோ மட்டும் உள்ள ஒரு பக்கத்தைத் தனியாக அனுப்பும். கடிதத்தின் உடலில் க்ளெய்ம் பணத்தைப் பின்தொடரும் ஏஆர் காலர் தன் மேலாளருக்கு எழுதிய குறிப்பு கவர் ஷீட்டாகப் போய்ச் சேரும். உடலை முழுக்கப் புறக்கணிக்கும் செட்டிங்கைப் போடுங்கள். யார் பெயரில் வேண்டுமானாலும் ஈமெயில் போலியாக அனுப்பலாம் என்பதால், உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப், டிகிம் சோதனையில் தேறாததைச் சேவை ஏற்கக்கூடாது. விடுப்பில் இருப்பவரின் ஆட்டோ ரிப்ளை, சேவையின் அறிவிப்புக் கடிதத்துக்குப் பதில் அனுப்பி, அதற்கு அது பதில் அனுப்பி, விடிவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். அறிவிப்பு போகும் பெட்டியில் ஆட்டோ ரிப்ளையை நிறுத்தி வையுங்கள்.

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து நேராக அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய மல்டிஃபங்ஷன் மெஷின்கள் சில, ஈமெயிலைப் பாதுகாப்பாக அனுப்பும் டிஎல்எஸ் முறையில் 1.0 வரைதான் பேசும். சேவையோ 1.2-க்குக் குறைந்தால் கதவைத் திறக்காது. மெஷினை மாற்ற வேண்டியதில்லை, உள் நெட்வொர்க்கில் மெஷினிடம் கடிதத்தை வாங்கி வெளியே அனுப்பும் ஒரு சிறிய மெயில் ரிலே வைத்தால் போதும்.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்க எண்ணைப் பழைய நிறுவனத்திலிருந்து புதிய சேவைக்கு மாற்றலாம். அதிகாரக் கடிதம், கடைசி பில், பழைய நிறுவனத்திடம் பதிவாகியிருக்கும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். “சூட்” என்பதற்குப் பதில் “யூனிட்” என்று எழுதினாலே திரும்பி வரும். மாற்றம் முடிந்தது என்று உறுதி வரும் வரை பழைய கணக்கை மூடாதீர்கள். மூடினால் எண் போய்விடும். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் தேடுங்கள்: நாளை நீங்கள் வேறு சேவைக்குப் போனால் எண்ணை எடுத்துப்போக விடுவார்களா?

044 எண்ணின் கதை வேறு. மொபைலில் இருப்பதுபோல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்குத் தூக்கிப்போகும் வசதி நம் நாட்டில் இல்லை. வெளிநாட்டுச் சேவைகள் பெரும்பாலானவற்றின் பட்டியலில் இந்திய எண்ணே இருக்காது. கிளவுடுக்குப் போனாலும் பாரிமுனை கிளியரிங் ஏஜென்டும், வங்கியும், அரசுத் துறையும் லெட்டர்ஹெட்டில் பார்த்து அனுப்பும் அந்த எண் இங்கேயேதான் கிடக்கும். அதை சேவையின் அமெரிக்க எண்ணுக்கு கால் ஃபார்வர்டு செய்தால், வரும் ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் ஐஎஸ்டி கட்டணம் உங்கள் பில்லில். அந்த எண்ணை மட்டும் ஒற்றை லைனாக வைத்து, வந்ததை ஈமெயிலாக அனுப்பும் ஒரு மல்டிஃபங்ஷன் மெஷினைச் சொருகுவதே மலிவும் நிம்மதியும். லைன் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறியிருந்தால், மோடப் பெட்டியின் போன் போர்ட்டிலிருந்து வருவதும் இன்டர்நெட் போன்தான் என்பதை மறக்காதீர்கள். மெஷினில் அதிவேக முறையான சூப்பர் ஜி3-ஐ அணைத்து, வேகத்தை 9600-க்கு இறக்குங்கள். பிழை திருத்தும் ஈசிஎம்-ஐ முதலில் அப்படியே விடுங்கள். நீளமான ஃபேக்ஸ் மட்டும் திரும்பத் திரும்ப நடுவில் நின்றால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

பணம் கட்டும் விஷயத்தில் சென்னை அலுவலகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்திய கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு முன்கூட்டியே அனுமதி பதிவு செய்யச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுச் சேவை அந்த முறையில் பதிவு செய்யாமல் பிடித்தால் கார்டு மறுக்கும். இரண்டு மூன்று மறுப்பில் கணக்கு முடங்கும், எண் வேறொருவருக்குப் போகும் வரிசையில் நிற்கும். வருடக் கட்டணமாக இன்வாய்ஸில் கட்டிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவை என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டி-யை ஆர்சிஎம் முறையில் நீங்களே கட்ட வேண்டும். பில்லிங் அலுவலகத்தில் ஆர்சிஎம் என்றால் எல்லோரும் ரெவின்யூ சைக்கிள் மேனேஜ்மென்ட் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இது அதுவல்ல, ரிவர்ஸ் சார்ஜ். அக்கவுண்ட்ஸில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாதம் சில நூறு பக்கம், ஐந்தாறு பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹிப்பா ஒப்பந்தம் உள்ள சிறிய திட்டம் ஒன்று போதும். பில்லிங் சாஃப்ட்வேரோடு பின்னிப் பிணைந்த பெரிய இடம் என்றால் வெளியே போகும் ஃபேக்ஸை முதலில் மாற்றி, உள்ளே வருவதைக் கடைசியாக மாற்றுங்கள். வெளியே போவது கெட்டால் உடனே தெரியும், மறுபடி அனுப்பலாம். உள்ளே வருவது கெட்டால் வரவில்லை என்பதே தெரியாது. இந்தியாவுக்குள் மட்டும் எப்போதாவது ஃபேக்ஸ் அனுப்பும் அலுவலகத்துக்கு இந்தச் செலவு வீண்.

பழைய சர்வரை அணைக்கும் முன் உள்ளே கிடக்கும் ஃபேக்ஸ்களை வெளியே எடுக்க வேண்டும். படங்கள் டிஃப் கோப்பாக ஒரு ஃபோல்டரிலும், யாருக்கு, எப்போது என்ற விவரம் எஸ்க்யூஎல் டேட்டாபேஸிலும் தனித்தனியாக இருக்கும். ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் பெயரில்லாத லட்சம் படம்தான் மிஞ்சும். சாதாரணத் தரத்தில் வந்த ஃபேக்ஸ் அகலத்தில் 204, உயரத்தில் 98 டிபிஐ. அதைக் கவனிக்காத மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்தெல்லாம் நசுங்கிப் பாதி உயரத்தில் நிற்கும், பத்து மாதிரி எடுத்துத் திறந்து பார்த்த பிறகு மொத்தத்தையும் மாற்றுங்கள். பிஆர்ஐ-யை ரத்து செய்யும் கடிதத்தை இரண்டு பில் சுழற்சி தள்ளிப் போடுங்கள். அந்த இரண்டு மாதமும் பழைய சர்வரை ஓடவிட்டால், அதில் பதிவாகும் உள்வரும் ஃபேக்ஸ் பட்டியலில், புதிய எண்ணைத் தெரியாமல் பழைய எண்ணுக்கே ஃபேக்ஸ் அடித்துக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும்.